இரண்டாவது டர்போவும் போச்சு என்று வந்த வண்டி

வண்டி: ஏழு பேர் உட்காரும் டீசல் கார், 2014 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின், விஜிடி டர்போ (வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி; அதன் சூடான பக்கத்தில் வேன் எனும் அசையும் சிறு தகடுகள் இருக்கும்). ஓடியது 1,86,400 கி.மீ. புகார்: மலையில் இழுவை இல்லை, கறும்புகை, செக் எஞ்சின் விளக்கு. ஏழு மாதம் முன்பு வேறொரு பட்டறையில் டர்போ கோர் (ஷாஃப்ட், வீல், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் பட்டறை கோவை மேட்டுப்பாளையம் ரோட்டில் இருப்பதால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலைக்கு ஓடும் வண்டிகள்தான் அதிகம் வரும். டர்போ புகார் வராத மாதமே இல்லை. அதில் நிறையப் பேர் வரும்போதே தீர்ப்போடு வருவார்கள்: "டர்போ போச்சுங்க, மாத்திடுங்க." இந்த வண்டிக்காரரும் அப்படித்தான் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார்.

"தம்பி, புது டர்போ போட்டு ஏழு மாசந்தான் ஆச்சுங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் நல்லாத்தான் போகுது. கல்லார் தாண்டி ஏத்தம் புடிச்சா இழுக்க மாட்டேங்குது. பர்லியார்ல பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிச்சே ஓரங்கட்டுறான்."

"சத்தம் ஏதாவது கேக்குதுங்களா அண்ணா?"

"மிதிச்சா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். கொண்டை ஊசி திரும்பி ரெண்டாவதுல மிதிக்கறப்ப நல்லாக் கேக்கும்."

அந்த "உஸ்" முக்கியம். டர்போ வீல் ஹவுசிங்கில் உரசினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், ஆம்புலன்ஸ் சைரன் தூரத்தில் கேட்பதுபோல வேகத்தோடு ஏறி இறங்கும். காற்று கசிந்தால்தான் உஸ்ஸென்று வரும். ஆனால் காதை மட்டும் நம்பி ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

ஸ்கேனரில் ஒரே ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் எண்): பி0299. டர்போ அழுத்தம் இலக்குக்குக் கீழே இருக்கிறது என்று அதற்குப் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. ஓட்டை ஹோஸ், வேக்குவம் பைப், இறுகிப்போன வேன், மூடாத ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது), அடைத்த சைலன்சர், பொய் சொல்லும் சென்சார் என்று எதுவாக இருந்தாலும் இதே கோடு வரும். முந்தைய பட்டறையில் அவருக்குக் கொடுத்திருந்த சீட்டில் இதே கோடுதான் எழுதியிருந்தது. அதைப் பார்த்தே கோரை மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) என்ன காட்டுகிறது என்று பார்த்தேன். 964 மில்லிபார். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம்; வெளிக்காற்றின் அழுத்தம் அந்த அளவில்தான் இருக்கும். சென்சார் உண்மை பேசுகிறது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை ஏன் பலர் செய்வதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு கிளைச்சாலை. பட்டறைத் தம்பி ஓட்ட, நான் ஸ்கேனரோடு பக்கத்தில். மூன்றாவது கியர், 1,500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலேட்டர். 2,200 சுற்று வரும்போது பதிவானது இது: இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) கேட்ட அழுத்தம் 2,150 மில்லிபார், வந்தது 1,560. விஜிடி வேனை மூடச் சொல்லும் கட்டளை அதன் உச்சத்தில் போய் நின்றுவிட்டது. ஏர்ஃப்ளோ சென்சார் காட்டிய காற்று, ஒரு ஸ்ட்ரோக்குக்கு 590 மில்லிகிராம்.

இந்தக் கடைசி எண்தான் வழக்கின் பாதியை உடைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 312 சிசி. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) தாண்டி 50 டிகிரி சூட்டில் 1,560 மில்லிபார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டருக்குள் போகக்கூடிய காற்று, இழப்பெல்லாம் கழித்தால், 460 மில்லிகிராம் சுற்றுவட்டாரம். ஆனால் வாசலில் இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் 590 உள்ளே போனதாக எண்ணியிருக்கிறது. வாசலில் வந்தவர் 590 பேர், பந்தியில் உட்கார்ந்தவர் 460 பேர் என்றால், நடுவில் எங்கோ ஒரு பின்கதவு திறந்திருக்கிறது.

டர்போ நோஞ்சானாகியிருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே குறையும், ஏனென்றால் இழுக்கும் காற்றே குறைவு. ஈஜிஆர் திறந்தபடி மாட்டியிருந்தால் ஏர்ஃப்ளோ குறையும், புகைதான் அந்த இடத்தை நிரப்பும். ஏர்ஃப்ளோ நன்றாக இருந்து மேப் மட்டும் குறைந்தால், டர்போவுக்கும், காற்று எஞ்சினுக்குள் நுழையும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கசிவு. கறும்புகைக்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. 590 மில்லிகிராம் காற்று வந்துவிட்டது என்று நம்பி இசியு அதற்குத் தக்க டீசலை அடிக்கிறது, உள்ளே அவ்வளவு காற்று இல்லை, மிச்சம் கரியாகிறது.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது என்று வண்டிக்காரர் கேட்டார். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், உதகை 2,240. கோவையில் வெளிக்காற்று 965 மில்லிபார் என்றால் உதகையில் 775 பக்கம்தான். அதே 2,100 மில்லிபாரை எட்ட, கோவையில் டர்போ வெளிக்காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும், உதகையில் 2.7 மடங்கு அழுத்த வேண்டும். அதற்காக ஷாஃப்ட் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இந்த அளவு டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டுபவை. அதனால்தான் உயரம் ஏற ஏறப் பல வண்டிகளில் இசியுவே இலக்கைக் குறைத்து டர்போவைக் காப்பாற்றும். கசிவோடு ஓடும் வண்டியில் இழந்த காற்றையும் சேர்த்து ஈடுகட்ட அது வெறி பிடித்த மாதிரி சுற்றும். ஒரு ஓட்டை ஹோஸ் நல்ல டர்போவைக் கொல்வது இப்படித்தான்.

புகை மெஷின் வைத்துப் பார்த்தோம். எங்கும் புகை வரவில்லை. புகை மெஷின் தரும் அழுத்தம் மிகக் குறைவு. அழுத்தம் ஏறினால் மட்டுமே வாய் திறக்கும் வெடிப்பு அதில் தெரியாது. இன்டர்கூலரையும் இரண்டு ஹோஸையும் தனியாகப் பிரித்து, ஒரு முனையைப் பிவிசி மூடி போட்டு அடைத்தோம். மறுமுனை மூடியில் டயர் வால்வு பொருத்தி, ரெகுலேட்டர் வைத்து 1 பார் காற்று. மூடிகளைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் இதைச் செய்யவே கூடாது, கழன்றால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தோம்.

இன்டர்கூலரிலிருந்து மேலே ஏறும் ஹோஸ். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. அடிப்பக்கம், ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் வருடக்கணக்காக உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி நூல் தெரிகிற இடம். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையால் வளைத்தால்கூடத் தெரியாது. 0.6 பார் வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனதும் அந்த வெடிப்பு மெல்லப் பிரிந்து, சோப்பு நுரை பொங்கி ஹோஸைச் சுற்றி வழிந்தது. ரெகுலேட்டரைக் குறைத்ததும் வாய் மூடிக்கொண்டது. வண்டிக்காரர் குனிந்து மூன்று முறை அதைப் பார்த்தார்.

ஹோஸை மாற்றி, தகட்டு விளிம்பில் ரப்பர் உறை போட்டோம். அதே சாலை, அதே கியர்: 2,120 மில்லிபார். ஸ்கேனரில் பி0299-ஐ அழித்து வண்டியை அனுப்பினேன்.

அங்கே நான் ஒரு தவறு செய்தேன். ஹோஸைக் கழற்றியபோது உள்ளே ஆயில் இருந்தது. எஞ்சினின் ஆவிக்குழாய் டர்போவுக்கு முன்பாக வந்து சேர்வதால் எந்த டீசல் வண்டியிலும் ஹோஸுக்குள் மெல்லிய ஈரம் இருக்கும், அது குற்றமில்லை. ஆனால் இதில் இருந்தது ஈரம் இல்லை, சாய்த்தால் ஓடுகிற ஆயில். துணியால் துடைத்துவிட்டுப் போட்டுவிட்டேன். அழுத்தம் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது நாள் வண்டி திரும்ப வந்தது. இழுவை நன்றாக இருக்கிறது, ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நீலப்புகை. டிப்ஸ்டிக்கில் 600 கி.மீ.க்குள் அரை லிட்டர் இறங்கியிருந்தது. "தம்பி, இதுவும் சீல் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. ஏழு மாதம் முன்பு மாற்றிய கோருக்குக் கூலியோடு இருபத்தெட்டாயிரம் கொடுத்திருக்கிறார்.

"சீல் போச்சு" என்பது நம் பட்டறைகளில் மிக அதிகமாகச் சொல்லப்படும், மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் வாக்கியம். டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம்தான். ஆயிலைத் தேக்கி நிறுத்த அதனால் முடியாது. வெளிப்பக்கக் காற்றழுத்தமும், ஆயில் உடனுக்குடன் கீழே வடிந்துவிடுவதும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே வைத்திருக்கின்றன. டர்போவின் ஆயில் பைப்புகளைப் பாருங்கள்: உள்ளே வரும் பைப் மெலிசு, வெளியே போகும் பைப் தடிமன். வரும்போது பம்பின் அழுத்தத்தில் வருகிறது. போகும்போது நுரைத்துக்கொண்டு, தன் எடையில் மட்டுமே சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) விழுகிறது. வடிகால் பாதி அடைந்தால்கூட பேரிங் அறையில் ஆயில் நிரம்பி, வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். சம்ப்புக்குள் காற்றழுத்தம் கூடினாலும் இதே கதை. புதுக் கோர் போட்டால் புதுக் கோரும் கசியும்.

அதனால் முதலில் சம்ப்பின் அழுத்தம். டிப்ஸ்டிக் குழாயில் ஒளி ஊடுருவும் டியூப் மாட்டி, யு வடிவில் வளைத்து, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஐடிலிலும் 2,500 சுற்றிலும் பார்த்தோம். தண்ணீர் கிட்டத்தட்ட அசையவில்லை. பிஸ்டன் ரிங், ஆவிக்குழாய் இரண்டும் நல்லபடி. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி கேஜ் மாட்டினால், நல்ல சூட்டில் ஐடிலில் 1.2 பார், 3,000 சுற்றில் 3.6. எஞ்சினில் குறையில்லை.

இனி ரிட்டர்ன் பைப். டர்போ அடியில் இரண்டு போல்ட். கழற்றி டார்ச் அடித்தேன். பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற சிலிக்கான் பேஸ்ட். யாரோ டியூபிலிருந்து பிதுக்கித் தடவி இறுக்கியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியது அழகாகத் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளே பிதுங்கியது நாக்கு மாதிரி இறங்கி, துவாரத்தின் பாதிக்கு மேல் மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கு இடுக்கியால் பிடித்து இழுத்தபோது சூயிங்கம் போல நீண்டு, பிறகு அறுந்தது. அதன் அடியில் தேங்கியிருந்த கறுத்த ஆயில் என் மணிக்கட்டில் வழிந்தது.

அடுத்து ஆயில் உள்ளே வரும் பேஞ்சோ போல்ட். அதற்குள் இருக்கும் நுண்ணிய வலையிலும் கசண்டு படிந்து பாதி மூடியிருந்தது. கோர் மாற்றியபோது இந்த போல்ட்டைத் திறந்தே பார்க்கவில்லை. ஒரு பக்கம் வரத்து குறைவு, மறுபக்கம் வடிகால் அடைப்பு. இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் அந்த ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றிருக்கும்.

டர்போவை இறக்கினோம். இருக்கும் கோரே போதுமா, மாற்ற வேண்டுமா என்பதுதான் இப்போது கேள்வி. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரியும். ஆயில் இல்லாதபோது அது இயல்பு, அதைக் காட்டி வண்டிக்காரரை மிரட்டுவது பாவம். பார்க்க வேண்டியது உள்ளே-வெளியே ஆட்டம். டயல் கேஜ் வைத்தேன்: 0.06 மி.மீ. இந்த மாதிரி டர்போக்களில் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. கம்ப்ரெசர் வீலின் இறக்கை நுனிகள் கூர்மையாக இருந்தன, ஹவுசிங்கில் உரசிய பளபளப்பு இல்லை. விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. கோர் பிழைத்துவிட்டது.

சூடான பக்கத்தில் மட்டும் வேலை இருந்தது. வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குக் கை வேக்குவம் பம்ப் வைத்து இழுத்தபோது கம்பி வழுக்கிப் போகாமல் இடையில் ஒரு இடத்தில் தயங்கித் தாவியது. கசிந்த ஆயில் வேன்களில் எரிந்து கரியாகப் படிந்திருக்கிறது. ஹவுசிங்கில் அடையாளம் போட்டுப் பிரித்து, வளையத்தையும் வேன்களையும் கையால் சுத்தம் செய்தோம். அந்த வேனின் ஸ்டாப் ஸ்க்ரூவையும் கம்பியின் நட்டையும் நாங்கள் தொடவே மாட்டோம். அவை ஃப்ளோ பெஞ்சில் (காற்றோட்டத்தை அளக்கும் கருவியில்) அமைக்கப்பட்டவை. "ரெண்டு திருகு ஏத்தினா பிக்கப் வரும்" என்று அதைத் திருகி எஞ்சினைப் பாழாக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆக்சுவேட்டர் ஒரு நிமிடம் வேக்குவம் பிடித்தபடி முள் இறங்காமல் நின்றது. ஆனால் அதற்கு வரும் மெல்லிய ரப்பர் டியூப் முனையில் வெடித்திருந்தது. சின்ன வெட்டுத்தான், இருந்தாலும் மீட்டர் கணக்கில் புது டியூப் வாங்கி முழுதும் மாற்றினோம்.

இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது கப்பில் பிடித்தது 300 மில்லிக்கும் மேல். இதை அலட்சியம் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினுக்கு எஞ்சின் ஆயிலும் எரிபொருள்தான். தேங்கிய ஆயிலைக் காற்று மொத்தமாக இழுத்துப் போனால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. வெண்புகையோடு சுற்று ஏறிக்கொண்டே போய் வெடிக்கும். அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டு மேல் கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்த வேண்டும். காற்று வாயில் கையை வைத்து அடைக்கப் போகக் கூடாது. இன்டர்கூலரையும் பைப்புகளையும் மண்ணெண்ணெய் விட்டு அலசி, காற்றடித்து, ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்துத்தான் மாட்டினோம்.

மாட்டும்போது: புது பேஞ்சோ போல்ட், இரண்டு பக்கமும் உலோகப் பேக்கிங், பேஸ்ட் ஒரு சொட்டும் இல்லை. புது ஆயில், ஃபில்டர். டர்போவின் ஆயில் வாயில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, வீலைக் கையால் சுற்றினோம். ரிட்டர்ன் பைப்பை மாட்டாமல் கீழே கப் வைத்து, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி, பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டர் அடித்தோம். மூன்றாவது முறை ஆயில் கப்பில் விழுந்தது. அது விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரிட்டர்ன் பைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்தது. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டோம், ஆக்சிலேட்டரைத் தொடவில்லை.

மறுநாள் அவரோடு நானே மலைக்குப் போனேன். கல்லாரிலிருந்து ஸ்கேனர் ஓடிக்கொண்டே இருந்தது. பர்லியார் தாண்டி மூன்றாவது கியரில் 2,300 சுற்றில் கேட்டது 2,140, வந்தது 2,110. வேன் கட்டளை நடுவில் நின்றது, உச்சிக்கு ஓடவில்லை. குன்னூரில் டீக்கடை முன் நிறுத்தியவர் கை பழக்கத்தில் சாவியைத் திருப்பப் போனார். "ஒரு நிமிஷம் அண்ணா" என்றேன். ஏற்றத்தில் முழு மிதியில் வந்த டர்போவின் சூடான பக்கம் அப்போது பழுக்கக் காய்ந்திருக்கும். எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் நின்ற ஆயில் வெந்து கரியாகும். அந்த பேஞ்சோ வலையில் படிந்த கசண்டுக்கும், நாள் தள்ளி மாற்றிய ஆயிலுக்கும், இப்படி டீக்கடை முன் உடனே அணைத்த நூறு தடவைக்கும் தொடர்பு உண்டு. இந்த வண்டிக்கு மலை ஓட்டத்தில் 7,500 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

டீ குடிக்கும்போது அவர் ஒன்று சொன்னார். மாற்றிய பழைய கோர் வீட்டில் அட்டைப்பெட்டியில் இருக்கிறதாம். இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருக்கிறார். மறுவாரம் கொண்டுவந்தார். துடைத்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். 0.07. வீலில் ஒரு கீறல் இல்லை. ஹோஸின் அந்தத் தேய்மானம் ஏழு மாதத்தில் வந்ததல்ல. முதல் நாள் பி0299 வந்ததும் இதே வெடிப்பால்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கோரைத் துணியில் சுற்றி, "இருக்கட்டும் தம்பி, என்னைக்காவது உதவும்" என்று டிக்கியில் வைத்துக்கொண்டார். இரண்டு துவாரத்திலும் பிளாஸ்டிக் மூடி போட்டுக் கொடுத்தேன், தூசி போகாமலிருக்க.

இதுவரை 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் இரண்டாவது ஆயில் மாற்றத்துக்கு வந்தபோது இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். மெல்லிய ஈரம், அவ்வளவுதான்.